கடலோர வீட்டு இரும்பு நாற்காலிகளில் ஸ்ப்ரே பெயிண்ட் கொப்பளிப்பது ஏன்?

நாகைக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு நாகப்பட்டினத்தில், கடலிலிருந்து அரை கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் இருக்கிறது. அப்பா வாங்கிய ஆறு இரும்பு மடக்கு நாற்காலிகளும், அம்மாவின் திருமணச் சீராக வந்த ஸ்டீல் பீரோ ஒன்றும் எங்களிடம் இருக்கின்றன. இன்று கடைகளில் கிடைப்பவற்றைவிட அந்த நாற்காலிகளின் தகடு கனமானது. வீட்டின் எல்லா விசேஷங்களிலும் உறவினர்கள் அமர்ந்த நாற்காலிகள் என்பதால் அவற்றைப் பழைய இரும்புக்குப் போட மனம் வரவில்லை.

கடந்த தை மாதத்தில் நானே அவற்றுக்குப் பெயிண்ட் அடித்தேன். துருவை உப்புத்தாளால் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்து, துரு தின்ற குழிகளில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பட்டி என்ற நிரப்பும் பசையை வைத்துச் சமன் செய்தேன். பிறகு 400 மில்லி ஸ்ப்ரே டப்பாக்களில் வரும் கறுப்புப் பெயிண்டை இரண்டு கோட்டிங் அடித்தேன். வெயில் ஏறினால் பெயிண்ட் சீராக விழாது என்று எண்ணி, ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்கே மாடியில் வேலையைத் தொடங்கினேன். ஒரு நாற்காலியில் மட்டும் இரண்டாவது கோட்டிங் அடித்த சில நிமிடங்களில் பெயிண்ட் பாலாடை போலச் சுருங்கிவிட்டது. மற்ற ஐந்தும் ஒரு மாதம் வரை புதியவை போலவே இருந்தன. சித்திரை பிறப்பதற்குள் இருக்கையிலும் முதுகுத் தகட்டிலும் அரிசி அளவில் கொப்புளங்கள் எழும்பின. ஒன்றை ஊசியால் குத்திப் பார்த்தேன். உள்ளே ஒரு துளி நீரும், அதன் அடியில் பழுப்புத் துருவும் இருந்தன.

பீரோவை இன்னும் தொடவில்லை. வீடு கழுவும் தண்ணீர் பட்டுப் பட்டு அதன் அடிப்பகுதி ஓரடி உயரத்துக்குத் துருப்பிடித்திருக்கிறது. மேற்பகுதியில் பழைய சாம்பல் நிறப் பூச்சு உறுதியாகவே நிற்கிறது. நாற்காலிகளில் நான் செய்த தவறு என்ன, அடித்த பெயிண்டை முழுவதும் எடுத்துவிட வேண்டுமா, பீரோவுக்கும் இதே டப்பாக்கள் போதுமா, அல்லது எல்லாவற்றையும் பவுடர் கோட்டிங்குக்குக் கொடுத்துவிடலாமா என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன். ஐப்பசி மழைக்குள் முடித்துவிட விரும்புகிறேன்.


துறைமுகப் பணியாளர் (ஓய்வு) எழுதியது:

அன்புள்ள தம்பி, கப்பல்களைப் பழுதுபார்க்கும் தளத்தில் பெயிண்ட் ஆய்வுப் பணியில் இருபத்தாறு ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். கொப்புளத்தைக் குத்தியபோது நீர் வந்தது என்று நீங்கள் சொன்ன செய்தியிலேயே காரணம் அடங்கியிருக்கிறது. பெயிண்டுக்கு அடியில் நீங்கள் உப்பை வைத்து மூடிவிட்டீர்கள்.

பெயிண்டுப் படலம் நீரை முழுவதும் தடுத்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் எந்தப் பெயிண்ட் வழியாகவும் நீராவி மிக மெதுவாக உள்ளே சென்றுகொண்டுதான் இருக்கும். அடியில் உப்பு இல்லையென்றால் உள்ளே சென்ற ஈரம் திரும்ப வெளியேறிவிடும். உப்பு இருந்தால் அந்த ஈரத்தில் அது கரைந்து, வெளியில் இருக்கும் ஈரத்தையும் படலத்தின் வழியாக உள்ளே இழுக்கத் தொடங்கும். நறுக்கிய மாங்காயில் உப்பைத் தூவி ஜாடியில் மூடி வைத்தால் மறுநாள் தண்ணீர் விட்டிருக்கும் அல்லவா? அதே சவ்வூடு பரவல்தான் உங்கள் நாற்காலியின் மேலும் நடக்கிறது. இழுத்த நீர் படலத்தைத் தூக்கிக்கொண்டு கொப்புளமாக நிற்கிறது. அந்த உப்பு நீரில் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கிறது.

உப்புத்தாள் துருவின் மேட்டைத்தான் எடுக்கும். கடற்காற்றில் வந்த குளோரைடு உப்பு, துரு தின்ற குழிகளின் அடியில் இரும்போடு சேர்ந்து தங்கியிருக்கும். உலர்ந்த துணியால் எத்தனை முறை துடைத்தாலும் அது போகாது, ஏனெனில் அது தண்ணீரில் கரைந்து வெளியேற வேண்டிய பொருள். இந்தக் குளோரைடு துருவை உண்டாக்கும்போது தானும் தீர்ந்துபோவதில்லை, திரும்பத் திரும்ப விடுபட்டு மீண்டும் இரும்பைத் தாக்கும் என்பதால், சிறிதளவு எஞ்சினாலும் அது செய்யும் கேடு பெரிது.

ஆகவே ஐந்து நாற்காலிகளிலும் அடித்த பெயிண்டையும் பட்டியையும் முழுவதும் எடுத்துவிடுங்கள். தப்பித்தது போலத் தோன்றும் பகுதிகளை அப்படியே விடலாம் என்ற எண்ணம் வரும். அதற்கு இடம் கொடுக்க வேண்டாம், ஏனெனில் அடியில் இருப்பது ஒரே உப்புதான், இன்னும் வெளித் தெரியவில்லை, அவ்வளவே. டிரில்லில் பொருத்தும் கம்பிப் பிரஷாலும் 80ஆம் எண் எமரித் தாளாலும் இரும்பு தெரியும் வரை தேய்த்தபின், சோப்புக் கரைசலும் நாரும் கொண்டு நன்றாகக் கழுவுங்கள். பிறகு வெந்நீர் ஊற்றி, குழிகளுக்குள் பிரஷை அழுத்தித் தேய்த்து மீண்டும் அலசுங்கள். கடற்கரை ஊர்களில் கிணற்று நீரும் ஆழ்துளை நீரும் பெரும்பாலும் உவர்ப்பாகவே இருக்கும். அந்தத் தண்ணீரால் கழுவினால் உப்பை எடுத்த இடத்தில் மீண்டும் உப்பையே வைத்ததாகும். கடைசி அலசலையாவது குடிநீரால் செய்யுங்கள். பிடித்து வைத்த மழைநீர் இருந்தால் இன்னும் நல்லது.

உப்பு போய்விட்டதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. கழுவியவுடன் துடைத்து, வெயிலில் சூடேறக் காயவைத்து, எதுவும் பூசாமல் ஓர் இரவு வராந்தாவில் வைத்துவிடுங்கள். காலையில் தகடு முழுவதும் மெல்லிய மஞ்சள் சாயல் படிந்திருந்தால் அது காற்றின் ஈரத்தால் வந்தது, 120ஆம் எண் தாளால் ஒரு முறை தேய்த்தால் போய்விடும். ஆனால் குழிகளில் மட்டும் ஊசிமுனை போலப் பழுப்புப் புள்ளிகள் எழும்பியிருந்தால் அங்கே உப்பு எஞ்சியிருக்கிறது என்று பொருள். அப்போது மீண்டும் கழுவியே ஆக வேண்டும். இரண்டு மூன்று முறை கழுவ நேர்ந்தாலும் சலிக்க வேண்டாம்.

கடைகளில் கிடைக்கும் துருமாற்றித் திரவத்தை இதன் பிறகு, குழிகளுக்கு மட்டும் பயன்படுத்தலாம். சிலவற்றில் இருக்கும் பாஸ்பாரிக் அமிலம் துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றுகிறது. வேறு சிலவற்றில் இருக்கும் டானின் துருவைக் கருநீலப் படலமாக மாற்றுகிறது. கடுக்காய்ச் சாறு இரும்பில் பட்டால் கறுத்துப்போவதும் இதே வேதிவினைதான். இவற்றில் எதுவும் உப்பை எடுக்காது என்பதால், கழுவுவதற்குப் பதிலாக இதைப் பூசிவிட்டால் பயனில்லை.

சுத்தமான இரும்பை அன்று மாலை வரை கூட வெறுமனே விடாமல் பிரைமர் என்னும் அடிப்பூச்சைப் பூசிவிடுங்கள். கடலோரத்துக்கு நான் பரிந்துரைப்பது, துத்தநாக பாஸ்பேட் கலந்த, இரண்டு டப்பாக்களாக வரும் எபாக்சி பிரைமர். அதைப் பிரஷாலேயே பூசுங்கள், ஏனெனில் குழிகளுக்குள் பிரைமரை அழுத்தி ஏற்றப் பிரஷ்தான் சிறந்தது. வழக்கமான ரெட் ஆக்சைடும் பயன்படும். ஆனால் அதன் மேல் அடுத்த பூச்சு ஏறாமல் வாரக்கணக்கில் விட்டால் அது ஈரத்தை உறிஞ்சும். தகட்டின் கூரான விளிம்புகளிலிருந்து ஈரப் பெயிண்ட் இயல்பாகவே பின்வாங்கி மெலிந்துவிடும் என்பதால், விளிம்புகள், ரிவிட்டுகள், வெல்டிங் இடங்கள் ஆகியவற்றுக்கு முதலில் தனியாக ஒரு பூச்சுக் கொடுத்துவிட்டுப் பிறகு முழுவதும் பூசுங்கள். டப்பா ஸ்ப்ரே இரண்டு கோட்டிங் அடித்தாலும் உலர்ந்தபின் ஒரு தலைமுடியின் பாதித் தடிமன்கூட இராது. அழகு அதில் உண்டு. கடற்காற்றிலிருந்து காப்பது அடியில் இருக்கும் பிரைமர்தான்.


பீரோ பட்டறை எழுதியது:

வணக்கம். மயிலாடுதுறைப் பக்கம் பீரோ செய்து பெயிண்ட் அடிக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். உப்பைப் பற்றி ஐயா சொன்னதை முழு மனதோடு ஏற்கிறேன். கடற்கரைக் கிராமங்களிலிருந்து எங்களிடம் வரும் பீரோக்கள் வேறு எந்த ஊர்ப் பீரோவையும்விட விரைவில் திரும்பி வருவதை ஆண்டாண்டாகப் பார்க்கிறேன். நாற்காலியில் நீங்கள் வைத்த பட்டியைப் பற்றியும் பீரோவைப் பற்றியும் நான் எழுதுகிறேன்.

என்.சி. பட்டி என்பது பிரைமருக்கு மேல் எஞ்சும் சிறு கீறல்களை மறைப்பதற்கான பொருள். அதை வெறும் இரும்பில், அதிலும் குழிகளில் தடிமனாக வைத்தால் மேற்புறம் மட்டும் காய்ந்து உள்ளே பச்சையாக நிற்கும், பின்னர் சுருங்கும், ஈரத்தையும் பிடித்துக்கொள்ளும். ஆழமான குழியோ நசுங்கலோ இருந்தால், கார் டிங்கரிங்கில் பயன்படும், ஹார்டனர் (இறுகச் செய்யும் பொருள்) கலந்த பேஸ்டை வைத்து, காய்ந்தபின் தேய்த்து, அதன் மேல் பிரைமர் அடிக்க வேண்டும். அந்தப் பேஸ்டைத் தண்ணீர் விட்டுத் தேய்க்காமல் உலர்வாகவே தேய்ப்பது நல்லது.

ஒரு நாற்காலி பாலாடை போலச் சுருங்கியதற்குக் காரணம் வேறு. அதில் மட்டும் பழைய எனாமல் பூச்சு எஞ்சியிருந்திருக்க வேண்டும். டப்பா ஸ்ப்ரேயிலும் என்.சி. பெயிண்டிலும் இருக்கும் கரைப்பான் கடுமையானது. அது எனாமலுக்குள் இறங்கி அதை ஊதச் செய்து தூக்கிவிடும். எனாமலின் மேல் என்.சி. அடிக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் பையன்களுக்கு முதலில் சொல்லிக் கொடுக்கும் பாடம். பழைய பூச்சு எது என்று அறிய, வெளியில் தெரியாத ஓர் இடத்தில் என்.சி. தின்னர் நனைத்த பஞ்சை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நிறம் கரைந்து பஞ்சில் இறங்கினால் அது என்.சி.; சுருங்கித் தூக்கினால் சாதாரண எனாமல்; ஒன்றுமே ஆகவில்லையென்றால் தொழிற்சாலையில் அடுப்பில் சுட்ட பூச்சாகவோ பவுடர் கோட்டிங்காகவோ இருக்கும்.

உங்கள் பீரோவின் மேற்பகுதி உறுதியாக நிற்கிறது என்பதைப் பார்த்தால் அது அடுப்பில் சுட்ட பூச்சாகத்தான் இருக்கும் என்று கருதுகிறேன். அதை உரித்தெடுப்பது வீண் வேலை, கெடுதலும்கூட, ஏனெனில் அதற்கு இணையான பூச்சை நானோ நீங்களோ கையால் அடிக்க முடியாது. 320ஆம் எண் வாட்டர் பேப்பரால் பளபளப்பு போகும் வரை தேய்த்துச் சோப்பு நீரால் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கினால் அதன் மேலேயே புதுப் பெயிண்ட் பிடித்துக்கொள்ளும். கைப்பிடியைச் சுற்றியும், வாடகை வீடுகளில் விளக்கு மாடத்தருகே நின்றிருந்தால் அந்தப் பக்கமும், எண்ணெய் படிந்திருக்கும். அங்கே தின்னர் துணியால் இரண்டு முறை துடையுங்கள். அடியில் துருப்பிடித்த ஓரடியை மட்டும் இரும்பு வரை எடுத்து, ஐயா சொன்ன முறையில் கழுவிப் பிரைமர் பூசுங்கள். பீரோவைச் சாய்த்து அடித்தகட்டின் கீழ்ப்புறத்தையும் பாருங்கள், ஏனெனில் பெரும்பாலும் துரு அங்கிருந்துதான் ஏறி வந்திருக்கும். உளியின் முனையால் தட்டும்போது தகடு உள்ளே போனால் பட்டி வைத்து மறைக்க வேண்டாம், அந்த இடத்தை வெட்டிப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வதே வழி. வேலை முடிந்தபின் நான்கு கால்களுக்கும் அடியில் இரண்டங்குல மரக்கட்டையோ பிளாஸ்டிக் தாங்கியோ வைத்துவிட்டால் கழுவும் தண்ணீர் இனி எட்டாது.

டப்பாக்கள் பீரோவுக்குப் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆறரை அடி உயரம், மூன்றடி அகலம், ஒன்றரை அடி ஆழம் உள்ள பீரோவில் முன்புறம், இரு பக்கங்கள், மேல்தட்டு ஆகியவை மட்டும் ஏறத்தாழ 43 சதுர அடி வரும். ஒரு 400 மில்லி டப்பா நன்றாக மூடும்படி அடித்தால் பதினைந்து சதுர அடிக்கு வரும். பிரைமருக்கும் இரண்டு கோட்டிங்குக்குமாக ஒன்பது பத்து டப்பாக்கள் ஆகிவிடும். அப்படியும் அகலமான கதவில் டப்பாவின் சிறு விசிறி கோடு கோடாகத் தெரியும். காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசரும் ஸ்ப்ரே கன்னும் நாள் வாடகைக்குக் கிடைத்தால் ஒரு லிட்டர் எனாமலில் வெளிப்புறம் முழுவதையும் இரண்டு கோட்டிங் அடித்துவிடலாம். 1.4 மில்லிமீட்டர் முனையும் 40 பி.எஸ்.ஐ. அளவு காற்றழுத்தமும் போதும். எனாமலுக்கு டர்பன்டைன் தவிர வேறு எதையும் கலக்க வேண்டாம், என்.சி. தின்னரைக் கலந்தால் திரிந்துவிடும். கடலோரக் காற்றில் கம்ப்ரசர் தொட்டியில் நீர் அதிகம் சேரும் என்பதால், தொடங்கும் முன்னும் இடையிலும் அடிவால்வைத் திறந்து நீரை வடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பெயிண்டோடு நீர்த்துளியும் சேர்ந்து விழும்.

பூட்டையும் கைப்பிடியையும் கழற்றிவிட்டு, கண்ணாடி இருந்தால் தாள் ஒட்டி மறைத்து, முதலில் கதவின் உள் ஓரங்கள், பிறகு மேல்தட்டு, பிறகு பக்கங்கள், கடைசியில் முன்புறம் என்ற வரிசையில் அடியுங்கள். தகட்டில் சிறு நசுங்கல்கள் நிறைய இருந்தால் பளபளப்பான நிறத்தைத் தவிர்த்து ஹேமர்டோன் அடிக்கலாம். பழைய பீரோக்களிலும் மின்விசிறிகளிலும் இயந்திரங்களிலும் பார்த்திருப்பீர்களே, சுத்தியலால் தட்டிய வெள்ளி போன்ற அந்தப் பூச்சு, தகட்டின் குறைகளை அழகாக மறைத்துவிடும். எனக்கு இன்றும் மிகப் பிடித்த பூச்சு அதுதான்.

பவுடர் கோட்டிங் நல்ல முறைதான். மின்னேற்றம் பெற்ற பொடியை இரும்பில் ஒட்டவைத்து 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி உருக்குவதால் 60 முதல் 80 மைக்ரான் வரை ஒரே படலம் கிடைக்கும். ஆனால் அந்தச் சூட்டில் சாதாரணப் பட்டி நிற்காது என்பதால் பட்டி வேலை உள்ள பீரோவுக்கு அது பொருந்தாது. மடக்கு நாற்காலியில் எனக்கு இருக்கும் தயக்கம் வேறு. துருவை எடுக்க அமிலத் தொட்டியில் முக்கும்போது, மடித்த தகட்டு விளிம்புகளுக்குள் அமிலம் புகுந்துவிட்டால் எளிதில் வெளியே வராது; சில மாதங்கள் கழித்து அந்த மடிப்பு வழியாகவே துரு வழியும். கொடுப்பதாக இருந்தால், அமிலத்துக்குப் பதில் மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்யும் பட்டறையைத் தேடுங்கள், ரப்பர் குமிழ்களை முன்பே கழற்றிவிடுங்கள், மடங்கும் மூட்டுகளில் பொடி அடைத்துக்கொள்ளாதபடி மறைக்கச் சொல்லுங்கள்.


மூன்றாம் மாடி எழுதியது:

சகோதரருக்கு வணக்கம். சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். கம்ப்ரசர் வைக்க இடமில்லாததால் பால்கனி நாற்காலிகள், செடித் தாங்கிகள், மேசை விசிறியின் கூண்டு என்று ஏழெட்டு ஆண்டுகளாக டப்பா ஸ்ப்ரேயிலேயே செய்து வருகிறேன். பெரியவர்கள் இருவரும் அடிப்படையைச் சொல்லிவிட்டதால், டப்பாவைக் கையாள்வதைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

தை மாதத்தில் காலை ஏழு மணிக்குத் தொடங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அந்த நேரத்தில் மாடியில் இருக்கும் இரும்பைத் தொட்டுப் பார்த்தால் கையில் ஈரம் தெரியும், தெரியாவிட்டாலும் படிந்திருக்கும். அதன் மேல் பெயிண்ட் விழும்போது கரைப்பான் ஆவியாகித் தகட்டை இன்னும் குளிர்விக்கும் என்பதால் ஈரம் மேலும் படிகிறது. கறுப்புப் பெயிண்டில் சில இடங்கள் வெளிறிப் புகை படிந்தது போல் இருந்தனவா? இருந்திருந்தால் காரணம் இதுதான். பனிக்காலத்தில் பத்து மணிக்குப் பிறகு தொடங்கி மூன்று மணிக்குள் முடித்துவிடுவதே நல்லது. மாறாக, கத்திரி வெயிலில் கை வைக்க முடியாதபடி சுட்டுக்கிடக்கும் தகட்டில் அடித்தால், துளிகள் சென்று சேரும் முன்பே காய்ந்து உப்புத்தாள் போலச் சொரசொரப்பாகிவிடும். நிழலில், காற்று அடங்கிய நேரத்தில் அடியுங்கள். உங்கள் ஊரில் பிற்பகல் கடற்காற்று தொடங்கிவிட்டால் துளிகள் பாதிக்கு மேல் வேறு இடத்துக்குப் போய்விடும். நான் ஒரு முறை அப்படி அடித்ததில் கீழ்வீட்டுக்காரரின் கொடியில் காய்ந்த வேட்டிகளில் பச்சைத் துகள்கள் படிந்து, அவருக்குப் புது வேட்டிகள் வாங்கிக் கொடுத்தேன். அன்று முதல் மூன்று பக்கம் பழைய போர்வை கட்டாமல் டப்பாவைத் தொடுவதில்லை.

டப்பாவுக்குள் இருக்கும் குண்டு அசைந்து சத்தம் வரத் தொடங்கியபின் இரண்டு நிமிடம் முழுவதும் குலுக்குங்கள். அடிக்கும்போதும் இடையிடையே குலுக்குங்கள். ஒரு சாண் அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதல் தொலைவு சரியாக இருக்கும். நாற்காலிக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, கையை நேர்கோட்டில் நகர்த்தி, மறு ஓரத்தைத் தாண்டியபின் விரலை எடுங்கள். மணிக்கட்டை மட்டும் திருப்பினால் நடுவில் தடித்து ஓரத்தில் மெலியும். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் மூன்றில் ஒரு பங்கையாவது மூட வேண்டும். முதல் கோட்டிங்கில் அடியில் உள்ள பிரைமர் தெரிவதைக் கண்டு பதற்றம் வேண்டாம். அது அடுத்த கோட்டிங் பிடித்துக்கொள்வதற்கான மெல்லிய தூவல் மட்டுமே. பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் மூன்று மெல்லிய கோட்டிங் கொடுத்தால் வழியாது. அடுத்த கோட்டிங்கை எத்தனை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், தவறினால் எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று டப்பாவிலேயே எழுதியிருக்கும். நடுவில் கிடக்கும் நேரத்தில் அடித்தால் மேற்புறம் சுருங்கிவிடும் என்பதால் அதை அப்படியே பின்பற்றுங்கள். முடிந்ததும் டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து, வெறும் காற்று வரும் வரை அழுத்தினால் முனை அடைக்காது.

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் சிகமோர் ஊரில் 1949இல் எட் சீமோர் என்பவர் முதன்முதலில் ஸ்ப்ரே டப்பாவில் பெயிண்டை அடைத்தார். வீடுகளைச் சூடாக்கும் இரும்பு ரேடியேட்டர்களுக்கான அலுமினியப் பெயிண்டை மக்களுக்குக் காட்டி விற்கவே அதை உருவாக்கினார். இடுக்கும் வளைவும் நிறைந்த இரும்புப் பொருளுக்காகவே பிறந்த டப்பா என்பதால், கம்பி நாற்காலி, விசிறிக் கூண்டு போன்றவற்றில் அது பிரஷைவிட நன்றாக வேலை செய்வதில் வியப்பில்லை.

பாதுகாப்பைப் பற்றி மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். இன்றைய டப்பாக்களில் பெயிண்டை வெளியே தள்ளுவது பெரும்பாலும் எரியும் வாயு. சமையல் எரிவாயு போலவே பற்றிக்கொள்ளும். பக்கத்தில் அடுப்போ, பூஜை விளக்கோ, ஊதுவத்தியோ எரியக் கூடாது. அறைக்குள் அடிக்கவே கூடாது. காலி டப்பாவைக்கூடத் துளைக்கவோ எரிக்கவோ வேண்டாம், வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்க வேண்டாம். துணி முகக்கவசம் துளிகளை ஓரளவு தடுக்கும், கரைப்பான் ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி உள்ள கவசம்தான் வேண்டும். கார்களுக்கு அடிக்கும், ஹார்டனர் கலந்த பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்டை யாரேனும் பரிந்துரைத்தால் வீட்டில் அடிக்காதீர்கள், அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நிரந்தர ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. சமையல் பாத்திரங்களின் உட்புறத்திலும், அடுப்பின் தீ படும் இடங்களிலும் இந்த ஸ்ப்ரே எதுவும் ஆகாது.


நாகைக்காரன் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கறுப்புப் பெயிண்டில் வெளிறிய திட்டுகள் இருந்தது உண்மைதான். அப்போது அதைத் தூசி என்று எண்ணிவிட்டேன். இன்னும் இரண்டு கேள்விகள். சுருங்கிய நாற்காலியைச் சுரண்டியபோது அடியில் பச்சை, அதன் அடியில் செந்நிறம் என்று நான்கு அடுக்குப் பழைய பெயிண்ட் தெரிகிறது. வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருப்பதால், அதில் ஈயம் இருக்குமோ என்று கவலையாக இருக்கிறது. அடுத்து, துணி காயவைக்கும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்த் தாங்கிக்கு எனாமல் அடித்தால் ஒவ்வொரு முறையும் தகடு தகடாக உரிகிறது. அதிலும் உப்புதான் காரணமா?


துறைமுகப் பணியாளர் (ஓய்வு) எழுதியது:

கவலைப்படுவது சரியே. வீட்டுப் பெயிண்டுகளில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற இந்திய விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்தச் செந்நிறம் ஈயச் சிவப்புப் பிரைமராகவும் இருக்கலாம். ஆகவே அந்த நாற்காலியில் டிரில் பிரஷையோ உலர்ந்த தாளையோ பயன்படுத்தாதீர்கள். பெயிண்ட் உரிக்கும் பசையைத் தடவி, ஊறவிட்டு, கையுறையோடு தகட்டால் வழித்தெடுங்கள். எஞ்சியதை வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டே தேயுங்கள். கீழே பிளாஸ்டிக் விரித்து, கழிவை அப்படியே சுருட்டிக் கட்டி அப்புறப்படுத்துங்கள். தோட்டத்தில் கொட்ட வேண்டாம். அன்று அணிந்த உடையைத் தனியாகத் துவைத்து, குளித்தபின் குழந்தையைத் தூக்குங்கள்.

ஜி.ஐ. குழாயில் காரணம் வேறு. அதன் மேலிருக்கும் துத்தநாகம், எனாமலில் உள்ள எண்ணெய்ப் பிசினோடு வினைபுரிந்து இடையில் ஒருவகைச் சோப்பை உண்டாக்கிவிடும். சோப்பின் மேல் பெயிண்ட் எப்படி நிற்கும்? எனாமலை முழுவதும் நீக்கி, துத்தநாகத்தைச் சற்றே அரித்துப் பற்றிக்கொள்ளும் எட்ச் பிரைமரோ எபாக்சி பிரைமரோ பூசி, பிறகு விரும்பிய நிறத்தை அடியுங்கள். துத்தநாகம் தேய்ந்து இரும்பு வெளிப்படும் அளவுக்கு மட்டும் தேய்த்துவிடாதீர்கள்.


நாகைக்காரன் எழுதியது:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். ஐந்து நாற்காலிகளையும் இரும்பு தெரியும் வரை எடுத்து, நகராட்சிக் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் கழுவி, வராந்தாவில் இரவு முழுவதும் வைத்தேன். மறுநாள் காலையில் மூன்று நாற்காலிகளில் புள்ளி எதுவும் தெரியவில்லை. இரண்டில் ரிவிட்டுகளைச் சுற்றியும், கொப்புளங்கள் எழுந்த அதே இடங்களிலும், ஐயா சொன்னபடி ஊசிமுனைப் புள்ளிகள் இருந்தன. ஒரு புள்ளியின் மேல் விரலை வைத்து எடுத்தபோது விரலில் ஈரம் ஒட்டியது. அந்த இரண்டையும் மேலும் இரண்டு முறை கழுவினேன். நேற்றிரவு வைத்ததில் இன்று காலை புள்ளிகள் இல்லை. காலை பத்தரைக்குத் தொடங்கி ஐந்துக்கும் விளிம்புகளிலும் ரிவிட்டுகளிலும் எபாக்சி பிரைமர் பூசி முடித்துவிட்டேன். ஆறாவது நாற்காலிக்கு உரிக்கும் பசை வாங்கியிருக்கிறேன். பீரோவைச் சாய்த்துப் பார்த்ததில் அடித்தகட்டின் பின்மூலையில் உளி உள்ளே இறங்கிவிட்டது. வெல்டிங் செய்பவர் வெள்ளிக்கிழமை வருகிறார். அம்மாவிடம் நிறம் கேட்டேன். பழைய சாம்பல் நிற ஹேமர்டோனே வேண்டும் என்றார்.